பேரைச் சொல்லாதீர்கள், அடையாளத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: சேலத்தில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். பிப்ரவரி கடைசி நாளில் வரும் அரிய நோய்கள் தினத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். பேரணி, போஸ்டர் போட்டி, ஏற்காட்டில் ஒரு முகாம் என்று யோசனை. ஒரு சீனியர், "சர்க்கரைக்கும் பிரஷருக்குமே நேரமில்லை. வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்க்காத நோய்க்கு எதற்கு விழிப்புணர்வு?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

உங்கள் சீனியர் கேட்டது நியாயமான கேள்விதான். கோபித்துக்கொள்ளாமல் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்புப்படி சேலம் மாவட்ட மக்கள்தொகை ஏறக்குறைய 34.8 லட்சம். வில்சன் நோய் படித்திருப்பீர்கள், செம்பு வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கிப்போகும் நோய். 30,000 பேரில் ஒருவருக்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. வகுத்தால் நம் மாவட்டத்துக்கு மட்டும் நூற்றுச் சொச்சம் பேர் வருகிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற கூட்டம். அவர்கள் எங்கே? சிலர் மருந்து சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். சிலர் "மஞ்சக்காமாலையில் போய்விட்டான்" என்ற பேச்சோடு முடிந்துபோனார்கள். மற்றவர்கள் இந்த நேரத்தில் ஏதோ ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இது ஒரே ஒரு நோயின் கணக்கு. இப்படிப் பெயர் வைத்தவை 7,000 வாக்கில் இருக்கின்றன. உலகம் முழுக்க 30 கோடிப் பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். முக்கால்வாசி மரபணுக் கோளாறுகள்; பெரும்பாலானவை குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டும். எது அரிய நோய் என்பதற்கே ஊருக்கு ஒரு அளவுகோல்: அமெரிக்காவில் நாடு முழுக்க 2 லட்சம் பேருக்குக் குறைவு, ஐரோப்பாவில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் போகாதது. நாம் அப்படி ஓர் எல்லையே போடவில்லை. போடுவதற்கான கணக்கு கையில் இல்லை என்று 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. ஆகவே "பார்க்கவே மாட்டோம்" என்பது சரியில்லை. பார்ப்போம். பார்த்தது தெரியாமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நான் அனுப்பியிருக்கிறேன்.

சேலத்தில் குழந்தை மருத்துவராக இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொழில் தொடங்கிய புதிதில், நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு வாழப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்து வயதுப் பையனைக் கூட்டிவந்தார்கள். கண் மஞ்சள். அந்த மழைக்காலத்தில் ஊரெல்லாம் காமாலை. ரத்தம் பார்த்தேன், ஓய்வு சொன்னேன். வீட்டில் கீழாநெல்லியும் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கியது. கீழாநெல்லிக்கு நல்ல பெயர், எனக்கும் அதில் கொஞ்சம்.

மூன்று வருஷம் கழித்து அதே பையன் வந்தான். இப்போது புகார் வேறு. கையெழுத்து கெட்டுவிட்டது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, வாயோரம் எச்சில் ஒழுகுகிறது, சும்மா சும்மா கோபம் வருகிறது. பள்ளியில் சேட்டை என்றார்கள். வீட்டில் காத்து கருப்பு என்று ஒரு கோயிலில் மூன்று அமாவாசை உட்காரவைத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன்? வைட்டமின் எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றேன். பழைய காமாலையையும் இந்த நடுக்கத்தையும் ஒரே நூலில் கோக்கத் தோன்றவில்லை.

கோத்தவர், கண் பிரிவில் பி.ஜி. படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். கண்ணாடிக்குப் பவர் பார்க்கப் போன இடத்தில், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் கருவிழியின் ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையத்தைப் பார்த்திருக்கிறார். உடனே அம்மாவிடம், "இவன் கூடப் பிறந்தவங்க யாராவது ஈரல் கெட்டு இறந்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். இறந்திருந்தாள். அக்கா, பன்னிரண்டு வயதில், காமாலையில். அந்தக் கேள்வியை நான் இரண்டு தடவையும் கேட்கவில்லை. வெளியே நூறு பேர் நின்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் கேட்க ஆகிற நேரம் பத்து விநாடி.

அந்த வளையம் கண்ணில் தேங்கிய செம்பு, வில்சன் நோயின் அடையாளம். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பெனிசிலமைன் 1956 முதல் புழக்கத்தில் உள்ளது. துத்தநாக உப்பும் கொடுக்கிறோம். சீக்கிரம் தொடங்கினால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். அந்தப் பையன் பிழைத்தான். பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. (இடையில் ஒன்று. செம்புப் பாத்திரத்தில் ஊறிய தண்ணீர் நல்லது என்று இப்போது வீட்டுக்கு வீடு செம்புக் குடம் வந்துவிட்டது. மற்றவர்கள் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், வில்சன் நோயாளி வீட்டில் அது கூடாது. ஞாபகமாகக் கேளுங்கள்.)

குளம்புச் சத்தம் கேட்டால் குதிரையை நினை, வரிக்குதிரையை நினைக்காதே என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 1940களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் தியடோர் உட்வர்டு என்ற பேராசிரியர் தன் மாணவர்களுக்குச் சொன்னதாகப் பேச்சு. அதனால்தான் அரிய நோய் என்றாலே வரிக்குதிரைப் படம் போடுகிறார்கள். அறிவுரை தப்பில்லை. முதல் நாள் காய்ச்சலோடு வருகிறவரிடம் வரிக்குதிரையைத் தேடினால், வேண்டாத சோதனைகளுக்கே அந்தக் குடும்பம் கடனாளியாகிவிடும். ஆனால் நாலாவது தடவையும் அதே ஆள் அதே தொந்தரவோடு வந்து நிற்கும்போது குதிரை குதிரை என்றே சொல்லிக்கொண்டிருந்தால் குற்றம் பழமொழியுடையது இல்லை. போஸ்டரில் வரிக்குதிரை வரைய ஆசையாக இருந்தால் கல்லூரிக்குள் வரையுங்கள். ஐந்து ரோடு சந்திப்பில் கட்டினால், சர்க்கஸ் வந்திருக்கிறது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு யோசனை. பொதுமக்களிடம் நோயின் பெயரைக் கொண்டுபோகாதீர்கள். கௌஷர், பொம்பே, மியூகோபாலிசாக்கரிடோசிஸ் என்று பேனர் பிடித்து நடந்தால் படிப்பவர் வாய்க்குள் நுழையாது. நுழைந்தாலும் அதை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. ஒரு தாய்க்குத் தேவை அடையாளம். எதைப் பார்த்தால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது, விடாவிட்டால் எங்கே போக வேண்டும். இந்த இரண்டுதான்.

கிராமத்தில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய அடையாளங்கள் ஐந்தாறுக்கு மேல் இல்லை. தலையாயது இது: முன்பு செய்த ஒன்றைக் குழந்தை இப்போது செய்யவில்லை. தாமதமாக நடப்பது வேறு, நடந்த குழந்தை நடையை விடுவது வேறு. பேசிய வார்த்தைகள் குறைவது, பிடித்துக்கொண்டிருந்த டம்ளர் நழுவுவது, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான். தாமதத்துக்குக் காரணம் ஆயிரம் இருக்கும். கற்றதை இழப்பது அப்படியில்லை, அது அவசரம். பாட்டிமார்கள் இதை நம்மைவிட நன்றாகக் கவனிப்பார்கள். "போன பொங்கலுக்கு ஓடுனான், இப்ப சுவத்தைப் பிடிக்கிறான்" என்று ஒரு பாட்டி சொன்னால், அதைப் பாடப்புத்தக வரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தரையிலிருந்து எழும்போது தன் தொடைமேலேயே கையை ஊன்றி ஊன்றி ஏறுகிற பையன். கோவர்ஸ் அடையாளம் என்று நீங்கள் பரீட்சைக்குப் படித்ததுதான். டுஷென் தசைச் சிதைவு, ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவருக்கு வரும். மூன்று நான்கு வயதில் அடிக்கடி விழுவான், மாடிப்படி ஏற மாட்டான். கெண்டைக்கால் மட்டும் பயில்வான் கால் போலத் திரண்டிருக்கும்; வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். இதில் நம்மவர்களே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கும். உடனே ஈரல் நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் ஈரலுக்கு டானிக் ஓடும். அந்த என்சைம்கள் தசையிலிருந்தும் வரும். தசை என்சைமான சி.பி.கே. ஒன்றைப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

ரத்தம் நிற்காதது. பால் பல் விழுந்த இடத்தில் இரண்டு நாள் கசிவது, தடுப்பூசி போட்ட தொடை வீங்கிக் கன்றிப்போவது, விளையாடாமலே முட்டி வீங்குவது, காதுகுத்தில் ரத்தம் நிற்காமல் விசேஷத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. ஹீமோபிலியா தாய் வழியாக மகனுக்கு வருவது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "தாய்மாமனுக்கு இப்படி உண்டா?" என்பதுதான். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்துகிறவரே தாய்மாமன் என்பதால் நம் ஊரில் அந்த ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை. பல நேரம் அவரே வளையாத முட்டியோடு எதிரில் உட்கார்ந்திருப்பார்.

வயிறு மட்டும் முன்னால் தள்ளி, கை கால் குச்சியாக இருக்கும் குழந்தையை எல்லோரும் பூச்சி, மாந்தம் என்பார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தது சரிதான். மூன்றாவது தடவையும் அதையே கொடுப்பதற்கு முன் வயிற்றில் கை வைத்து மண்ணீரலைத் தடவிப் பாருங்கள். வெளுப்பும் சேர்ந்திருந்தால் தலசீமியா இருக்கலாம், உடைபடாத பொருள் உறுப்புகளில் சேர்ந்துபோகும் கௌஷர் போன்ற சேமிப்பு நோயாகவும் இருக்கலாம். லேசாகத் தட்டியதற்கே எலும்பு முறிவது, விழியின் வெள்ளையில் நீலம் ஓடியிருப்பது இன்னொரு அடையாளம். இந்தக் குழந்தைகளின் அப்பா அம்மா அடித்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். கடைசியாக, அதே வீட்டில் முன்பே ஒரு குழந்தை காரணம் தெரியாமல் போயிருப்பது. "முதல் புள்ள தங்கலைங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அங்கே நிறுத்துங்கள். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த சிசு மூன்றாம் நாள் சோர்ந்து மூச்சு வாங்கி இறந்தது என்றால், கிருமித் தொற்று என்று எழுதியிருந்தாலும் வளர்சிதைக் கோளாறாக இருந்திருக்கலாம்.

இவற்றை யாரிடம் சொல்வது? பேரணியில் எதிர்ப்படுகிறவரிடம் இல்லை. பால்வாடி டீச்சர், கிராம சுகாதார செவிலியர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், மெடிக்கல் ஷாப்காரர். ஒரு பால்வாடி டீச்சர் வருஷக்கணக்கில் அதே இருபது குழந்தைகளைத் தினமும் பார்க்கிறார், எடை போடுகிறார். எந்தப் பேராசிரியருக்கும் அந்த வாய்ப்பு கிடையாது. 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் ஒன்றியம்தோறும் மருத்துவக் குழு வண்டியில் வந்து பால்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை, பள்ளிப் பிள்ளைகளை ஒரு தடவை பார்க்கிறது. வண்டி வரும் நாளில் எந்தக் குழந்தையை முன்னால் நிறுத்துவது என்பது டீச்சர் கையில் இருக்கிறது. அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மேலே சொன்ன ஐந்தாறு அடையாளத்தைச் செல்போன் வீடியோவில் காட்டுங்கள். எழுந்து காட்டுகிற பையனாக உங்களில் ஒருவரே நடிக்கலாம். நோயாளிக் குழந்தையின் வீடியோ வேண்டாம்.

அதற்கும் முன்னால் உங்கள் வகுப்பு. மாணவர்களின் விழிப்புணர்வு முயற்சியில் முதல் நோயாளி மாணவர்தான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். வார்டில் நீங்கள் எழுதுகிற கேஸ் ஷீட்டில் குடும்ப வரலாறு என்ற இடத்தில் "குறிப்பிடத்தக்கதாக இல்லை" என்று கேட்காமலே எழுதுகிறீர்களா இல்லையா? ஹவுஸ் சர்ஜன் ஆனதும் அந்த வரியும் காணாமல் போய்விடும். மூன்று தலைமுறை வம்சப் படம் வரைய நாலு நிமிஷம் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. இப்போது உங்களுக்குக் குடும்பத் தத்தெடுப்பு என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறதே, கிராமத்தில் சில குடும்பங்களைப் படிப்பு முடியும்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று. பிரஷர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வம்சப் படம் போடுங்கள். பத்து மாணவர் போட்டால் ஊரின் பாதி உறவு தெரிந்துவிடும். பிப்ரவரி தினத்துக்கு இதைவிட நல்ல கண்காட்சி கிடையாது, ஆனால் அதை ஒருபோதும் காட்சிக்கு வைக்கக் கூடாது.

சொந்தத்தில் கல்யாணம் என்று வந்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாணவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் நெருங்கிய உறவுக்குள் நடக்கிறது என்று தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் நமக்குப் புதிதில்லை. மேடையில் ஏறி "சொந்தத்தில் கட்டினால் குழந்தை ஊனமாகப் பிறக்கும்" என்று முழங்கினால் என்ன ஆகும்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அப்படிக் கட்டி நல்ல பிள்ளைகள் பெற்றவர்கள். உங்கள் பேச்சு பொய் என்று அவர்களுக்கு அங்கேயே நிரூபணம் இருக்கிறது. உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள். பொதுவாகப் பிறக்கும் 100 குழந்தைகளில் 2, 3 குழந்தைகளுக்குப் பெரிய கோளாறு இருக்கும் என்றால், அத்தை மாமன் பிள்ளைகளின் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 90க்கு மேல் நன்றாகவே பிறக்கும். ஆனால் ஒரு குழந்தை ஏற்கெனவே பாதிக்கப்பட்ட வீட்டில், நோய் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருகிற வகையாக இருந்தால், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம். "ஒண்ணுக்கு வந்துடுச்சு, அடுத்த மூணும் தப்பிச்சுடும்" என்று நினைப்பார்கள். சீட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது என்று சொல்லுங்கள், புரியும். சீட்டு பற்றிச் சேலத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா!

அதோடு, "நாங்க சொந்தத்துல கட்டலை" என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்கள் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி வந்தவை. அந்த நெருக்கம் பின்லாந்துக்காரர்கள், அஷ்கனாசி யூதர்களிடம் உள்ளதைவிடக் கூடுதல். ஒரே சாதிக்குள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டால் தூரத்துப் பெண் என்றாலும் தூரம் அவ்வளவு இல்லை. இதற்கு அனஸ்தீசியாக்காரர்கள் நன்கறிந்த உதாரணம் ஆரிய வைசியர்கள். அவர்களில் சிலருக்கு, ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கொடுத்தால் அதை உடைக்கும் என்சைம் இல்லாமல் மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் செயலற்றுப்போகும். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து, அவ்வளவுதான். எந்தச் சாதிக்கு என்ன நோய் என்று பட்டியல் ஒட்டச் சொல்லவில்லை. வீட்டில் பேசத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலைக்கு வருகிறேன். சேர்வராயன் மலையில் முகாம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரிக்கரையில் ஷாமியானா போட்டு, சுற்றுலா வந்தவர்களுக்குப் பிட் நோட்டீஸ் கொடுத்துவிட்டு இறங்குவதில்லை. ஏற்காடு டவுனைத் தாண்டி நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் என்று உள்ளே போக வேண்டும். அங்கே இருக்கும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ்தான் பேசுகிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளா என்று நினைத்து அசடு வழியாதீர்கள், ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் வழிகிறார். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரி மலைமக்களிடம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம் தமிழ்நாடு உள்பட 17 மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுவரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்திருக்கிறது. ஆகவே சோதனை உங்கள் வேலையில்லை, அரசு செய்கிறது. சோதனைக்குப் பிறகு நடக்கும் குழப்பம்தான் உங்கள் வேலை.

என்ன குழப்பம்? ஒரு பெண்ணின் அட்டையில் கடத்தி (அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவர்) என்று வந்தால் அவளை நோயாளி என்று நினைத்துவிடுகிறார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிவிடுகிறார்கள். கடத்திக்கு நோய் இல்லை. இரண்டு கடத்திகள் கட்டிக்கொள்ளும்போதுதான் குழந்தைக்கு அந்த நாலில் ஒன்று. இதை மரத்தடியில் உட்கார்ந்து, சோளம் இரண்டு நிறத்தில் வைத்துச் சொல்லலாம், மைக் வேண்டாம். முடிவை அந்தக் குடும்பத்துக்கு மட்டும், கதவுக்குள் சொல்ல வேண்டும். நோய் உள்ளவர்களுக்குக் குளிர் ஆகாது, தண்ணீர் குறையக் கூடாது. 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி விடியலில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவருக்குக் கை கால் குடைச்சல் என்றால் வாத வலி என்று தைலம் தேய்ப்பதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வரும் தடவைகளைக் குறைக்கும்.

சந்தேகம் வந்தாயிற்று, அப்புறம்? இதைச் சொல்லாத விழிப்புணர்வு பாதிக் கிணறுதான். சேலத்தில் குழந்தை என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு, வளர்ச்சிக் குறைபாட்டுக்கு டி.இ.ஐ.சி. என்கிற ஆரம்ப இடையீட்டு மையம். அங்கிருந்து மேலே போக வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. 2021 கொள்கையின் கீழ் அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்களில் தமிழ்நாட்டுக்கு அதுதான். அங்கே பதிவு செய்தால்தான் மத்திய அரசின் உதவிக்கு வழி. முதலில் 20 லட்சம் என்று இருந்தது, 2022இல் 50 லட்சம் ரூபாய்வரை என்று உயர்த்தினார்கள். சேலத்திலிருந்து இரவு ரயில் எழும்பூரிலேயே போய் நிற்கும், அங்கிருந்து கிட்டத்தில்தான் மருத்துவமனை. மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யும் எட்டாத தூரமில்லை. ஹீமோபிலியா ஏ-க்கு அங்கே ஐந்து நோயாளிகளுக்குச் செய்த மரபணு சிகிச்சை முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன.

பணத்தைப் பற்றி நேர்மையாக இருங்கள். 7,000 நோய்களில் குறிப்பான மருந்து இருப்பது 5 சதவீதத்துக்குத்தான் என்பார்கள். ஆயுள் முழுக்க என்சைம் ஏற்ற வேண்டிய நோய்களில் 50 லட்சம் சில குழந்தைகளுக்கு ஒரு வருஷத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். 16 கோடி ரூபாய் ஊசி என்று செய்தியில் படித்திருப்பீர்கள், 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதுகுத்தண்டு தசைநலிவுக்கான மரபணு மருந்து அது. அதே நோய்க்கான ரிஸ்டிப்லாம் என்ற குடிக்கும் மருந்து ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய் அளவில் விற்றது. காப்புரிமை வழக்குக்குப் பிறகு 2025 அக்டோபரில் ஓர் இந்திய நிறுவனம் அதையே 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. நேற்றுவரை கையை விரித்த நோயில் நிலைமை ஒரே மாதத்தில் மாறிவிடலாம். பெயர் தெரிந்து பதிவில் இருக்கும் குழந்தைக்குத்தான் அந்த மாற்றம் போய்ச் சேரும்.

மருந்தே இல்லாவிட்டாலும் நோய்க்குப் பெயர் கிடைப்பதில் பயன் உண்டா என்று உங்கள் சீனியர் அடுத்து கேட்பார். உண்டு. டாக்டர் மாற்றி டாக்டராக அலைவது நிற்கும். தம்பி தங்கைக்கு நோய் முற்றும் முன் சோதிக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் பதினொன்றாம் வாரத்திலிருந்தே பார்க்க வழியுண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தசைச் சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நான்கும் இருக்கின்றன. சான்றிதழ் கிடைத்தால் பள்ளியில் சலுகை, பஸ்ஸில் சலுகை. தசைச் சிதைவுக்கு மாநில அரசின் மாதப் பராமரிப்புத் தொகையும் உண்டு. இவ்வளவையும் விட, "நான் செய்த எதனாலோ இப்படி ஆச்சு" என்று வருஷக்கணக்கில் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்த அம்மா, கிரகணத்தன்று வெளியே வந்ததால் இல்லை என்று கேட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி வேண்டாதவை, சுருக்கமாக. குழந்தையின் முகம் தெரியும் படம் வேண்டாம், அம்மா சம்மதித்தாலும். உங்கள் பத்துப் பேர் பெயரில் பணம் வசூலிக்காதீர்கள். கல்லூரி மேடையில் நோயாளிக் குடும்பத்தை ஏற்றி நீங்கள் பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். நாற்காலி போட்டு, பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்து, அந்த அம்மாவைப் பேசவிட்டு நீங்கள் கீழே உட்கார்ந்து கேளுங்கள். முதல் சந்தேகத்திலிருந்து பெயர் தெரியும்வரை எத்தனை வருஷம், எத்தனை டாக்டர், ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் கேட்டால் போதும். பேராசிரியர்களும் வந்தால் நல்லது. கொஞ்சம் சங்கடப்படுவார்கள், பரவாயில்லை.

முதல் அரிய நோய்கள் தினம் 2008 பிப்ரவரி 29 அன்று நடந்தது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அரிய நாள் என்பதால் அதைப் பிடித்தார்கள், மற்ற வருஷங்களில் 28. மலையில் அந்தச் சமயம் காப்பி, மிளகுப் பறிப்பு. வார நாளில் போனால் ஊரில் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். கிழவிகளிடம் பேசவாவது போகலாம் என்பது என் கட்சி, ஆனால் பெற்றோரும் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். பத்துக் குழந்தையைப் பார்த்து ஒன்றில் சந்தேகம் வந்தால் போதும், அது நல்ல முகாம். அந்த ஒரு குடும்பத்தின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு, ஏப்ரலில் கூப்பிட்டு, சேலம் போனீர்களா, என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். உள் கிராமங்களில் பல இடத்தில் டவர் கிடைக்காது, அதனால் பால்வாடி டீச்சர் நம்பரையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.